பின்வெளிச்சம்

ஹெப்ரான் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். திரையில் குப்பென்று வெளிச்சம் வந்ததும் கோமதிசங்கர் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவரைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தார். இதே லேப்டாப்தானா என்று தட்டெழுத்துப் பலகையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். எழுத்து தேய்ந்த பொத்தான்களும், ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன குங்குமப்பொட்டும் அப்படியே இருந்தன.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு எதிர்மாடியில் இப்படி ஒரு ரிப்பேர் கடை இருப்பது போன வாரம் வரை அவருக்குத் தெரியாது. லேப்டாப்பின் திரை முழுக்க இருட்டிப்போனபோது டவுணில் காட்டிய இடத்தில் எல்லாம், இதைத் தூரப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். புதுசு வாங்குவது பெரிய காரியமில்லை. அவருடைய அக்காள் மகன் பெங்களூருக்குப் போகும் முன்னால் எழுதிக் கொடுத்த ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் வேறு எதிலும் ஓடாது என்பதுதான் சங்கடம். அது இல்லாவிட்டால் கோமதிசங்கரின் திருமணத் தகவல் மையம் இல்லை. தகவல் மையம் இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற, காலையில் பேப்பரும் மாலையில் கோயிலும் மட்டுமே உள்ள இன்னொரு கிழவர் அவர். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஹெப்ரான் கழற்றிய விளக்கைத் துணியில் வைத்து நீட்டினான். இளநீர் குடிக்கிற குழலை விட மெலிதான ஒரு கண்ணாடிக் குச்சி.

"பாத்தியளா சார், ரெண்டு நுனியும் கருத்துப்போச்சு. இதோட ஆயுசு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. இந்த டியூப் இப்பம் வாரதில்ல. அதான் எல்இடி பட்டை போட்டிருக்கேன். இனி உங்களுக்குக் கவலையில்ல."

"நல்லாத்தானப்பா எரிஞ்சுக்கிட்டு இருந்துது. திடீர்னு போயிட்டு."

"திடீர்னு போவாது சார். பையப்பையத்தான் மங்கும். மொதல்ல செவப்படிக்கும், பொறவு இருட்டிக்கிட்டே வரும். தினமும் பாக்கவங்களுக்குத் தெரியாது, கண்ணு பழகிரும். புதுசா வந்து பாக்கவங்களுக்குத்தான் தெரியும்." அவன் குச்சியை உடையாமல் ஒரு டப்பாவுக்குள் போட்டான். "ஒரு போட்டோவத் தொறந்து பாருங்க. நெறம் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

கோமதிசங்கர் எதையாவது திறப்போம் என்று திறந்தார். கடைசியாகப் பார்த்த பெயர்தான் மேலே நின்றது. சித்ரலேகா, தகப்பனார் சிவசண்முகம், குறுக்குத்துறை ரோடு. போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் வரன் முடிவாகி, திரை இருட்டுவதற்கு முன்னால் அவர் கையாலேயே 'முடிந்தவை' பகுதிக்கு மாற்றிய படம். அது பெரிதாக விரிந்தது.

அவருக்கு முதலில் ஆள் மாறிப்போய்விட்டது என்றே தோன்றியது. மணிமுத்தாறு அருவிப் பக்கம் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கும் பெண். அவளுக்குப் பின்னால் இருப்பது கறை பிடித்த ஏதோ சுவர் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அது தண்ணீர். வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருக்கும் தண்ணீர். கறுப்புச் சேலை என்று நினைத்திருந்தது நல்ல மயில்கழுத்து நிறம். நெற்றியில் ஈர முடி ஒட்டியிருந்தது. மாநிறத்துக்கு ஒரு படி குறைவான, நம்மூர்ப் பெண்கள் பாதிப்பேருக்கு இருக்கிற அதே நிறத்தில், எண்ணெய் வழியாத பளிச்சென்ற முகம். படம் எடுக்கிறவள் என்னவோ சொல்லியிருக்க வேண்டும். சித்ரலேகா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

"நெறம் சரியா இருக்கா சார்?"

கோமதிசங்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரியாத்தான் இருக்கு" என்றார். குரல் அவருடையது போல இல்லை.

வண்ணார்பேட்டை வரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். லேப்டாப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்து ஒரு அம்மாள், "உக்காருங்க அண்ணாச்சி, என்ன குழந்தையா அது?" என்று கேலி செய்தாள். அவருக்குச் சிரிக்க வரவில்லை.

அவர் கணக்கில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் கறார். ஜாதகத்தை எங்கே வேண்டுமானாலும் அனுப்பு, போட்டோவை மட்டும் போனில் அனுப்பாதே. எவன் கைக்குப் போகும், எங்கே சுற்றும் என்று யார் கண்டது? ஆகையால் கோமதிசங்கர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கீழ ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டு முன்னறைக்கு வர வேண்டும். காப்பி குடிக்க வேண்டும். அவர் லேப்டாப்பைத் திறந்து காட்டுவார், அவர்கள் பார்ப்பார்கள், அவர் மூடிவிடுவார். படம் வாசற்படி தாண்டாது. 'கோமதிசங்கர் அண்ணாச்சி கையில் கொடுத்தால் பெட்டியில் வைத்துப் பூட்டின மாதிரி' என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. ஊருக்குப் புண்ணியம் செய்கிறோம் என்ற நினைப்பில் சில நாள் ராத்திரி தூக்கம்கூட நன்றாக வந்தது.

மற்றப் பெண்களின் படமெல்லாம் ஸ்டுடியோக்காரன் கைவண்ணம். யாராக இருந்தாலும் முகத்தில் ஒரு கோட்டிங் வெள்ளை அடித்து, உதட்டைச் சிவக்க வைத்து, எல்லாரையும் ஒரே மாவில் பிசைந்த மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுவான். அந்தப் படங்கள் மங்கின திரையில் அப்படி ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. மாவு போய் இயல்பான முகமாகத் தெரிந்தார்கள். சித்ரலேகா ஒருத்திதான் அதற்குச் சம்மதிக்கவில்லை. "வெள்ளையடிக்க நான் என்ன வீடா மாமா? என்னப் பாக்கவங்க என்னத்தான பாக்கணும்" என்று சொல்லி, உடன் வேலை பார்க்கும் முப்பிடாதி எடுத்த இந்தப் படத்தைத்தான் கொடுத்தாள். மண்ணைப் பரிசோதித்து என்ன உரம் போடலாம் என்று சொல்லும் ஆபீஸில் வேலை. பேச்சு கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு அவர் சிவசண்முகத்திடம், "பிள்ளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தது இப்போது ஞாபகம் வந்து காதைச் சுட்டது.

ஸ்டுடியோ படங்களைக் காட்டிவிட்டு, கடைசியில் இவள் படத்தைக் காட்டுவார். ஜாதகம் எத்தனையோ பேருக்குப் பொருந்தியது. வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த இடத்தில் கோமதிசங்கர் என்ன செய்தார்? "வெளிச்சம் அடிக்கி, அதான்" என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திரை மங்கலாக இருக்கிறது என்று தெரியாமலா சாத்தினார்? அவர் மனைவி உலகம்மாள்கூட ஒருநாள் கதவோரம் நின்று, "என்ன இது, பெண்ணப் பாக்கியளா பேயப் பாக்கியளா" என்று கேட்டாள். சரி பண்ண வேண்டும் என்று அவரும் அன்றைக்கு நினைத்தார். மறுநாள் வேறு வேலை வந்துவிட்டது. அப்புறம் கண் பழகிவிட்டது. ஹெப்ரான் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சரி.

வந்தவர்கள் போன பிறகு அவர் குறுக்குத்துறைக்குப் போவார். சிவசண்முகம் வாசல் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். "என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?" என்று கேட்கும்போதே அவர் முகம் வாடியிருக்கும். கோமதிசங்கர் ஒளிக்க மாட்டார். உண்மையைச் சொல்லுகிறவர் என்கிற பெருமையும் அவருக்கு உண்டு. "நெறம் கொஞ்சம் மட்டுன்னு அபிப்பிராயப்படுதாவ" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவருக்கே நிசமாகிவிட்டது. கடைசியில் ஒருநாள் கோமதிசங்கரேதான் சொன்னார்: "வயசும் ஏறிக்கிட்டே போவுது. எதிர்பார்ப்ப நாமதான் கொஞ்சம் கீழ எறக்கிக்கிடணும் அண்ணாச்சி." தூத்துக்குடி வரனைக் கொண்டுவந்ததும் அன்றைக்குத்தான். மனைவியை இழந்தவர், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. நல்ல வேலை, நல்ல மனுஷன். போட்டோ எல்லாம் வேண்டாம், நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார், பார்த்தார், சம்மதித்தார். சித்ரலேகாவும் தலையை ஆட்டினாள். நாளை மறுநாள் நிச்சயதார்த்தம்.

வீட்டுக்கு வந்து முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். மற்றப் பெண்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். புது வெளிச்சத்தில் எல்லாரும் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். திரும்பவும் சித்ரலேகாவிடம் வந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தவள், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நம்ம சித்ராவா? லெட்சணமா இருக்காளே! இந்தப் போட்டோவ ஏன் நீங்க யாருக்கும் காட்டல?"

"இதத்தான் எல்லாருக்கும் காட்டினேன்" என்றார் கோமதிசங்கர்.

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அப்பமே சொன்னேன். கொழம்புல ஒரு கல்லு உப்பு கூடிப்போனா ஊரக் கூட்டுதிய, நான் ஒரு வார்த்த சொன்னா மட்டும் ஒங்க காதுல ஏறாது."

"இப்பம் என்ன செய்ய உலகு?"

"என்னத்தச் செய்ய? பந்தல்காரன் வந்து அளந்துட்டுப் போயிட்டான். மாப்பிள்ள வீட்டுல சேல எடுத்தாச்சு. இப்பம் போயி கலவரத்தக் கெளப்பி அந்தப் புள்ள மனசக் கெடுக்கணுமாக்கும். பேசாம இருங்க." அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவருக்கு ஒரு பக்கம் நிம்மதியாகத்தான் இருந்தது. பெண்டாட்டியே சொல்லிவிட்டாள், இனி நமக்கென்ன. காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். அடுக்களையிலிருந்து அவள் திரும்ப வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஆனா ஒண்ணு கேக்கேன். வாரம் தவறாம காந்திமதி அம்மன் சன்னதில அந்தப் புள்ள நம்மகிட்ட நின்னு பேசிட்டுத்தான போவுது? மொகத்துக்கு நேரா எத்தன தடவ பாத்திருக்கிய. அவள அந்த டப்பாவுலதான் பாத்துத் தெரிஞ்சுக்கிடணுமா? ஒங்களுக்குக் கண்ணு இல்லையா?"

காப்பியைக் கீழே வைத்துவிட்டார். திரை பழுதுபட்டது, டியூப் கறுத்தது, வந்தவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று எதை எதையோ கோத்து வைத்திருந்தார். அது முழுக்கச் சரிந்து விழுந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளை. அவளுடைய காதுகுத்துக்கு மொய் வைத்தவர் அவர். அந்த முகத்தை நேரில் தெரிந்து வைத்துக்கொண்டே, திரையில் தெரிந்ததை நம்பி, அதையே அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நேர்ல இப்படி இருக்க மாட்டா, நல்லா இருப்பா" என்று வந்தவர்களிடம் சொல்லியிருந்தால்? சொன்னாரா என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை.

அம்பாசமுத்திரத்து நடராஜின் ஜாதகம்தான் எல்லாவற்றிலும் நன்றாகப் பொருந்தியது. பையனும் படித்த பெண், உத்தியோகம் பார்க்கிற பெண் வேண்டும் என்று கேட்டவன். அவனுடைய அம்மாதான் ஜன்னல் சாத்தின பிறகும் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். கோமதிசங்கர் போனை எடுத்து அந்த அம்மாளை அழைத்தார். பையனுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு பாதி மனசு வேண்டிக்கொண்டது.

"இன்னும் ஒண்ணும் கூடி வரல அண்ணாச்சி. ஒங்ககிட்ட புதுசா ஏதாவது வந்திருக்கா? வந்து பாக்கட்டுமா?"

"பொறவு சொல்லுதேம்மா" என்று வைத்துவிட்டார். சட்டையை மாட்டினார். லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். உலகம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

குறுக்குத்துறை ரோட்டில் அந்த வீட்டு முற்றத்தில் மூங்கில் கழிகள் இறக்கிப் போட்டிருந்தார்கள். சித்ரலேகாதான் வந்து கதவைத் திறந்தாள். ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கிறாள். கையில் மருதாணி வைத்துக் கழுவியிருந்தது. "வாங்க மாமா. அப்பா தாம்பூலப் பை வாங்க டவுணுக்குப் போயிருக்காவ. இப்பம் வந்துருவாவ, உக்காருங்க." அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியைக் காட்டினாள். அவர் அதில் உட்காராமல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தி வெயில் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் விழுந்தது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். இத்தனை நாள் பார்க்காத முகத்தை இன்றைக்குப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"சித்ரா, ஒரு தப்பு நடந்துபோச்சும்மா."

"ஜாதகத்துலயா?"

"இல்ல. தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லக்கூடாது. நான் செஞ்சுட்டேன்."

சொன்னார். மென்று முழுங்கித்தான் சொன்னார். விளக்கு மங்கியது, ஜன்னலைச் சாத்தியது, அவள் படத்தைக் கடைசியில் காட்டியது, நேரில் பார்த்த முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னார். அம்பாசமுத்திரத்து நடராஜைப் பற்றியும் சொன்னார். "அவுக இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காவ. நீ சரின்னு சொன்னா நான் ராத்திரியே கார் வச்சுக்கிட்டுப் போயி அந்தம்மா கையில கால்ல விழுந்தாவது..." அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. ரோட்டில் போகிறவர்களுக்கு வழி சொல்லுகிற மாதிரி நிதானமாக இருந்தாள்.

"அந்தம்மா எனக்கு வேண்டாம் மாமா. லைட்டப் போட்டாப் பிடிக்கும், அணைச்சாப் பிடிக்காதுன்னா, நான் அந்த வீட்டுல நாள் பூரா லைட்டுக்குக் கீழயேவா நிக்க முடியும்?"

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"நீங்க அப்பாட்ட வந்து பேசுத ஒவ்வொரு தடவையும் நான் இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். நெறம் கொஞ்சம் மட்டுன்னு அபிப்பிராயப்படுதாவ." அவருடைய குரல் மாதிரியே சொன்னாள். கிண்டலாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி மனப்பாடமாக இருந்தது. "மொதல்ல ரெண்டு தடவ சிரிச்சேன். பொறவு கண்ணாடி முன்னால நிக்கும்போது எனக்கே அப்படித்தான் தெரிஞ்சுது. ஆபீஸ்ல யாராவது என்னப் பாத்தா, இவங்களும் அதத்தான் நெனைக்காங்கன்னு தோணும். முப்பிடாதி போட்டோ எடுக்க வந்தா ஓடிருவேன்."

"தூத்துக்குடிக்காரரு நல்ல மனுஷன்தாம்மா" என்றார் கோமதிசங்கர். அதை ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு பொந்து தேடியிருக்கலாம்.

"நல்லவருதான். ஒங்க லேப்டாப்பப் பாக்காம நேரா வந்தது அவரு ஒருத்தருதான். அவரு காட்டின குழந்த போட்டோகூட எனக்குப் பிடிச்சிருக்கு." அவள் மருதாணிச் சிவப்பேறிய விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஆனா நான் சரின்னு தலையாட்டினது அவரப் பாத்து இல்ல மாமா. ஒங்க வார்த்தயக் கேட்டு. இதுக்கு மேல நமக்கு ஒண்ணும் கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டு ஆட்டினேன். அது அவருக்குந்தான பாவம்?"

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள். அந்தச் சிறு நேரத்தில் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. வந்தவள் அவருக்கு எதிரில் உட்காராமல் பெஞ்சிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காட்டுங்க."

அவர் லேப்டாப்பைத் திறந்து, படத்தை விரித்து, அவள் மடிப்பக்கம் நகர்த்தினார். அருவி விழுந்துகொண்டிருந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "அன்னைக்குப் பாறையில வழுக்கி முப்பிடாதி அப்பதான் விழுந்து எந்திரிச்சா. சேல பூரா பாசி. அந்தக் கோலத்தோட நின்னு என்னையப் போட்டோ எடுக்கா. சிரிக்காம என்ன செய்ய?" சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நல்லாத்தான இருக்கேன்" என்றாள்.

அது கேள்வியா இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "நல்லா இருக்கம்மா" என்றார். கண் கலங்கிவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

"அவங்கல்லாம் பாத்தப்போ எப்படி இருந்தேன்?"

"அத இனிக் காட்ட முடியாதும்மா. அந்த விளக்கக் கழத்திப் போட்டாச்சு."

அவள் தட்டெழுத்துப் பலகையைக் குனிந்து பார்த்தாள். மேல் வரிசையில் சின்னச் சூரியன் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதை ஒரு தடவை அழுத்தினாள். திரை ஒரு படி மங்கியது.

"இப்படியா?"

"வேண்டாம்மா சித்ரா."

"சொல்லுங்க மாமா. இப்படியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் இத்தனை காலம் அவள் வீட்டில் உண்மை என்று சொல்லிச் சொல்லிக் கெடுத்தாயிற்று. இப்போது போய்ப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

அவள் அழுத்தினாள். பாறையின் ஓரங்கள் மறைந்தன. மயில்கழுத்து நிறம் கறுப்பாயிற்று.

"இப்படி?"

"இன்னும் கொஞ்சம்மா."

தண்ணீர் போயிற்று. அவளுக்குப் பின்னால் அந்தக் கறை பிடித்த சுவர் திரும்பவும் வந்து நின்றது. அவள் ஒவ்வொரு தடவையும் அழுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போயிற்று. இரண்டு கண்ணும் நெற்றியும் மட்டும் ஏதோ குற்றம் செய்துவிட்டு நிற்கிறவளுடையவை போல மிச்சமிருந்தன.

"இதுதான்" என்றார் கோமதிசங்கர். "இப்படித்தான்."

சித்ரலேகா திரையைப் பார்த்தாள். ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. ரோட்டில் ஒரு டவுண் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இதப் பாத்தா நானே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் மாமா" என்றாள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சிவசண்முகம் இரண்டு கைகளிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு, மூங்கில் கழிகளைத் தாண்டித் தாண்டி வந்தார். ரொம்ப நாளாக அவர் முகத்தில் இல்லாத ஒரு களை இப்போது இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணாச்சி எப்பம் வந்திய? நானே ஒங்கள வந்து பாக்கணும்னு நெனச்சேன்" என்று உரக்கக் கேட்டார். கோமதிசங்கர் எழுந்து நின்றார். அவசரமாக லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார்.

அவள் மூட விடவில்லை. ஒரு கையால் அதன் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரையை மெல்ல வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தாள். இன்னொரு கையின் சிவந்த விரல் அந்தச் சூரியன் பொத்தான்மேலேயே இருந்தது.

"வாங்கப்பா" என்றாள். "உக்காருங்க. மாமா ஒங்ககிட்ட என்னவோ சொல்லணுமாம்."

சிவசண்முகம் பைகளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே, அந்த இருட்டுத் திரைக்கு முன்னால் குனிந்தார்.